மலையை வென்ற சிறு துளை

1857 ஆகஸ்ட் 31. ஆல்ப்ஸ் மலைத்தொடரில், இன்றைய பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே நிற்கும் ஃபிரெஜுஸ் மலைக்கு அடியில் ரயில் சுரங்கம் வெட்டும் வேலையைச் சார்டினியா அரசர் இரண்டாம் விக்தோர் இமானுவேல் தொடங்கி வைத்தார். சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 12.8 கிலோமீட்டர். அந்த நீளத்துக்கு ரயில் சுரங்கம் அதுவரை எங்கும் இல்லை. வேலையாட்களின் கையில் இருந்தவை சம்மட்டி, உளி, கருமருந்து. இவற்றை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு அரை மீட்டர் நகர்வதே பெரும்பாடாக இருந்தது. இரு பக்கத்திலிருந்தும் வெட்டினாலும் ஒரு நாளைக்கு ஒரு மீட்டர்தான். அந்தக் கணக்கில் வேலை முடிய 35 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஆனால் 1871 செப்டம்பரிலேயே அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டுவிட்டது. மிச்சமான இருபது ஆண்டுகளுக்குக் காரணம் ஓர் இயந்திரம். அது மலையை அறுக்கவில்லை, குடையவும் இல்லை. பாறையில் சில சென்டிமீட்டர் அகலத்தில் சிறுசிறு துளைகள் போட்டது, அவ்வளவுதான். மலையையே ஒரே மூச்சில் வெட்டித் தள்ளப் பிறந்த ராட்சத இயந்திரங்கள் அதற்கு முன்பே வந்து தோற்றுப்போயிருந்தன. பெரிய இயந்திரம் தோற்று, சிறிய துளை வென்றது எப்படி? பாறைத் துளைப்பு இயந்திரங்களின் தொடக்கக் காலத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

கையால் துளைத்த காலம்

இயந்திரம் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று தெரிய, மனிதன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கிணறு வெட்டும்போது பாறை குறுக்கிட்டால் தமர் அடித்து வெடி வைப்பார்கள். உலகம் முழுவதும் அதே முறைதான். ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒருவரோ இருவரோ சம்மட்டியால் அதன் தலையில் மாறி மாறி அடிப்பார்கள். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பிடித்திருப்பவர் கம்பியைச் சற்றே திருப்புவார். திருப்பாவிட்டால் உளியின் முனை ஒரே கோட்டில் பதிந்து சிக்கிக்கொள்ளும், துளை வட்டமாக விழாது. துளைக்குள் சேரும் கல்மாவை அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக் குழைத்து, நீண்ட கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த அடி பாறையில் விழாமல் மாவில் விழும், விசை வீணாகும். முனை மழுங்கியதும் கம்பி கொல்லுலைக்குப் போய், காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் ஏறித் திரும்பி வரும்.

ஆக, ஒரு துளைக்கு நான்கு வேலைகள்: அடிப்பது, திருப்புவது, தூளை வெளியேற்றுவது, துளை ஆழமாக ஆக உளியை முன்னே நகர்த்துவது. இவற்றில் இயந்திரத்துக்கு எளிதானது அடிப்பது மட்டும்தான். மற்ற மூன்றும் மனிதக் கை யோசிக்காமல் செய்துவிடுகிற, இரும்பு எளிதில் கற்றுக்கொள்ளாத வேலைகள். தொடக்கக் கால இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் சறுக்கின.

துளை எதற்காக? வெடிமருந்துக்காக. இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா சுரங்கத்தில் 1627இல் கருமருந்து வைத்துப் பாறையை உடைத்தார்கள். ஐரோப்பியச் சுரங்கங்களில் இது நடந்ததற்கான பழைய பதிவுகளில் இதுவே புகழ்பெற்றது. அதற்கு முன் பாறையை நெருப்பால் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி விரியச் செய்து பெயர்த்தார்கள். வெடிமருந்து வந்த பிறகு பாறையை உடைக்கும் உழைப்பை மருந்து பார்த்துக்கொண்டது. மருந்தை உள்ளே வைக்கத் துளை போடும் உழைப்பு மனிதன் தலையில் விழுந்தது. அடுத்த 200 ஆண்டுகளுக்குச் சுரங்கத்தின் வேகம் என்பது துளை போடும் கையின் வேகம்தான்.

சீனர்கள் கண்ட வழி

கிணறுபோல நேர் கீழே இறங்கும் துளைக்கு மட்டும் சீனாவில் வெகு காலம் முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். சிச்சுவான் பகுதியில் நிலத்தடியில் கிடந்த உப்புநீரை எடுக்க, 11ஆம் நூற்றாண்டிலேயே கையகல வாய் கொண்ட ஆழ்கிணறுகள் தோண்டினார்கள். கனமான இரும்பு முனையை மூங்கில் நாரால் திரித்த வடத்தில் கட்டி, ஒரு நெம்புகோலில் தொங்கவிடுவார்கள். நம் ஏற்றத்தில் ஆள் ஏறி மிதிப்பதுபோல, ஆட்கள் நெம்புகோலின் மறுமுனையில் ஏறி மிதித்தால் முனை மேலே எழும்பும். அவர்கள் இறங்கியதும் முனை தன் எடையோடு விழுந்து பாறையை நொறுக்கும். வடத்தை முறுக்கினால் முனை திரும்பும். அடியில் தோல் வால்வு வைத்த மூங்கில் குழாயை இறக்கினால் சேறும் தூளும் அதற்குள் ஏறிக்கொள்ளும், மேலே இழுத்துக் கொட்டிவிடலாம்.

அடிக்கும் விசையை இங்கே பூமியின் ஈர்ப்பே கொடுத்துவிடுகிறது. ஆகவே நீராவியும் மின்சாரமும் இல்லாமலே அவர்களால் வெகு ஆழம் போக முடிந்தது. சிகொங் நகரில் உள்ள ஷென்ஹாய் கிணறு 1835இல் 1,001 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கிணறு அதுதான். ஆனால் இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. கீழ்நோக்கிய துளைக்குத்தான் ஈர்ப்பு உதவும். மலைக்குள் படுக்கைவாட்டில் துளைக்க அது பயன்படாது.

மண் வேறு, பாறை வேறு

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இளகிய மண்ணில் வெட்டுவது பெரிய வேலையே அல்ல, வெட்டிய இடம் இடிந்து விழாமல் தாங்கிப் பிடிப்பதுதான் வேலை. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் மார்க் இசம்பார்ட் புரூனல் வெட்டிய சுரங்கம் இதற்கு எடுத்துக்காட்டு. அவர் வடிவமைத்த இரும்புக் கவசத்தில் 12 சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக 3 அறைகள். ஆக 36 அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆள் நின்று, முன்னே உள்ள பலகையை எடுத்து, கொஞ்சம் மண்ணைக் கையால் வெட்டி, பலகையை மறுபடி முட்டுக்கொடுத்து நிறுத்துவார். பின்னர் கவசம் முன்னே தள்ளப்படும், அதன் பின்னாலேயே செங்கல் சுவர் எழும்பும். 1825இல் தொடங்கி 1843இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்துக்குள் ஆறு பலமுறை புகுந்து உயிர்களைப் பறித்தது. ஆனாலும் கவசத்தின் கொள்கை நிலைத்துவிட்டது.

பாறையில் சிக்கல் நேர் எதிரானது. பாறை பெரும்பாலும் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், ஆனால் வெட்ட விடாது. இரண்டுக்கும் ஒரே இயந்திரம் என்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. இந்தக் கட்டுரை இனிப் பாறையின் பக்கம்தான்.

தோற்ற ராட்சதர்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொறியாளர்களுக்குத் தோன்றிய இயல்பான யோசனை, துளை எதற்கு, வெடி எதற்கு, சுரங்கத்தின் முழு அகலத்தையும் ஓர் இயந்திரமே வெட்டட்டும் என்பதுதான்.

அந்த யோசனையை முதலில் இரும்பில் வடித்தவர்களில் ஒருவர் பெல்ஜியப் பொறியாளர் ஆன்ரி மோஸ். ஆல்ப்ஸ் சுரங்கத்துக்காகச் சார்டினியா அரசு அவரை அமர்த்தியது. 1846இல் தூரின் நகருக்கு அருகே ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் இயந்திரம் உருவானது. ரயில் எஞ்சின் அளவு உருவம், அதன் முகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உளிகள். எல்லாம் ஒரே நேரத்தில் பாறையைக் குத்த வேண்டும். இதற்கான விசை மலைக்கு வெளியே ஓடும் நீரிலிருந்து வடங்கள் வழியாக வர வேண்டும். சுரங்கம் நீள நீள வடமும் நீளும், விசையில் பெரும்பகுதி வழியிலேயே தேய்ந்துபோகும். 1848இல் ஐரோப்பாவெங்கும் புரட்சிகள் வெடித்து, பணமும் நின்றது. அந்த இயந்திரம் மலைக்குள் நுழையவே இல்லை.

அமெரிக்காவில் சார்லஸ் வில்சனின் இயந்திரம் நுழைந்து பார்த்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹூசாக் மலையில் 7.6 கிலோமீட்டர் சுரங்கம் வெட்ட வேண்டியிருந்தது. வில்சனின் இயந்திரம் 75 டன் எடை. அது பாறையில் 24 அடி விட்டத்துக்கு வட்டமான பள்ளம் ஒன்றைச் சுற்றி வெட்டும், நடுவில் எஞ்சும் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிடலாம் என்பது திட்டம். 1853இல் சோதித்தார்கள். சுமார் 10 அடி போனது, அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் தோற்றன? யோசனையில் பிழையில்லை. பொருள்தான் ஈடுகொடுக்கவில்லை. கடினப் பாறையை அழுத்தி வெட்டத் தேவையான தரமான எஃகு அன்று மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கவில்லை, வெட்டு முனைகள் சீக்கிரமே மழுங்கின. நூறு உளிகளில் ஒன்று பழுதானாலும் முழு இயந்திரமும் நிற்க வேண்டும். இயந்திரமே சுரங்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால் முன்னே போய்ப் பழுது பார்க்கவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாறை முழுவதையும் தூளாக்க வேண்டுமானால் அதற்கான விசை மிக மிக அதிகம். வெடி வைத்தால் பாறை பெரிய கட்டிகளாகவே உடைந்துவிடும். ஒரு சிறு துளையை மட்டும் தூளாக்கினால் போதும், மிச்ச வேலையை மருந்து முடித்துவிடும். விசைக் கணக்கு முழுக்கச் சிறிய துளையின் பக்கம்தான் இருந்தது.

நீராவியின் சிக்கல்

ஆகவே பொறியாளர்கள் சம்மட்டிக்காரரைப் பார்த்து நடக்கும் இயந்திரத்துக்குத் திரும்பினார்கள். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜே. ஜே. கௌச் 1849இல் நீராவியால் அடிக்கும் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய உதவியாளராக இருந்த ஜோசப் ஃபவுல் பிரிந்துபோய், தானே ஒன்றை உருவாக்கினார். உருளைக்குள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டனோடு உளியை நேரடியாகப் பொருத்தியது அவருடைய வழி. நீராவியின் அழுத்தமே உளியை வேகமாகப் பாறையில் எறியும். ஈர்ப்பின் உதவி வேண்டாம் என்பதால் எந்தத் திசையிலும் துளைக்கலாம்.

ஆனால் நீராவி சுரங்கத்துக்கு ஏற்ற பொருள் அல்ல. கொதிகலனை உள்ளே வைத்தால் புகையும் வெப்பமும் ஆளைக் கொல்லும். வெளியே வைத்துக் குழாயில் கொண்டுவந்தால் வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். வேலை முடித்து வெளியேறும் நீராவி, ஏற்கெனவே மூச்சு முட்டும் குகையை வெந்நீர் அறையாக்கிவிடும். திறந்தவெளிக் கல்குவாரியில் நீராவித் துளைப்பான் ஓடும். நீண்ட சுரங்கத்தின் ஆழத்தில் ஓடாது.

காற்று வந்தது

இப்போது மறுபடி ஃபிரெஜுஸ் மலைக்கு வருவோம். அதன் அடியில் வெட்டிய சுரங்கம் மோன் செனி சுரங்கம் என்ற பெயராலும் அறியப்படுகிறது, உண்மையில் மோன் செனி கணவாய் சற்றுத் தள்ளியே இருக்கிறது.

நீண்ட சுரங்கங்களில் வேகம் கூட்ட ஒரு பழைய உத்தி உண்டு. மலைக்கு மேலிருந்து நடுநடுவே கிணறுகள் இறக்கி, ஒவ்வொரு கிணற்றின் அடியிலிருந்தும் இரு பக்கமும் வெட்டத் தொடங்குவார்கள். இங்கே அது நடக்காது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான மலை. ஆகவே வெட்டும் முகங்கள் இரண்டே இரண்டு: தெற்கே பார்டோனெக்கியா, வடக்கே மோதான். மேலிருந்து கிணறு இல்லாததால் காற்றோட்டமும் இல்லை. வெடித்த பின் புகை வெளியேறும் வரை வேலை நிற்க வேண்டும்.

இந்த இரண்டு சிக்கலையும் ஒரே பொருளால் தீர்த்தவர் சவோய் பகுதியில் பிறந்த பொறியாளர் ஜெர்மேன் சொமெய்யே. கூட்டாளிகள் செபஸ்தியானோ கிராண்டிஸ், செவெரினோ கிரட்டோனி. அவர்கள் கையாண்ட பொருள் அழுத்தக் காற்று. சுரங்கத்தில் அழுத்தக் காற்றைப் பயன்படுத்தலாம் என்று ஜெனீவாவின் அறிவியலாளர் டானியல் கொலாடோன் 1850களின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். தாமஸ் பார்ட்லெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், நீராவி தள்ளும் காற்று உளியை அடிக்கும்படி ஒரு கலவை இயந்திரத்தை 1855இல் காட்டியிருந்தார். சொமெய்யே இந்த இழைகளைச் சேர்த்து, நீராவியை முழுவதும் விலக்கினார்.

காற்றை அழுத்த எரிபொருள் வேண்டுமே? மலையில் நிலக்கரி இல்லை, ஆனால் அருவி இருந்தது. பார்டோனெக்கியா பக்கத்தில் சுமார் 26 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் நீரின் விசை, காற்றை ஆறு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனது. முதலில் நீர்த்தூணே நேராகக் காற்றை அழுத்தியது. பிறகு நீர்ச்சக்கரத்தால் ஓடும் அமுக்கிகள் வந்தன. அழுத்திய காற்றை இரும்புக் குழாயில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே அனுப்பினார்கள். நெடுந்தூரம் போனால் உராய்வில் காற்றின் விசை செத்துப்போகும் என்று பலர் வாதிட்டார்கள். ஜெனோவா அருகே நடந்த சோதனைகளில் அந்த அச்சம் பெரும்பாலும் வீண் என்று தெரிந்தது. காற்று குளிர்ந்தால் நீராவியைப்போல நீராகிவிடுவதில்லை. உளியை அடித்து முடித்து வெளியேறும் காற்று, வேலையாட்கள் மூச்சுவிடவும் புகையைத் தள்ளவும் பயன்பட்டது. விரிந்து வெளியேறும்போது அது குளிர்ந்தும் போவதால் வெப்பமும் தணிந்தது. இயந்திரத்தின் கழிவே ஆளுக்கு மூச்சாக அமைந்தது. சொமெய்யேயின் வெற்றிக்கு அடித்தளம் இதுதான்.

1861 ஜனவரியில் பார்டோனெக்கியா முகத்தில் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின, 1863இல் மோதான் பக்கத்தில். துளைப்பான்களைத் தண்டவாளத்தில் நகரும் ஒரு கனத்த இரும்பு வண்டியில் வரிசையாக ஏற்றினார்கள். வண்டி பாறை முகத்துக்குப் போய் நிற்கும். ஒவ்வொரு துளைப்பானும் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் உளியைத் திருப்புவதையும், துளை ஆழமாகும்போது முன்னே நகர்த்துவதையும் இயந்திரத்தின் பல்சக்கர அமைப்பே செய்தது. வேறொரு குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் துளைக்குள் புகுந்து தூளைக் கழுவிக்கொண்டு வந்தது. முன்பு சொன்ன நான்கு வேலைகளும் முதன்முறையாக ஒரே இயந்திரத்தில், மலைக்குள், ஆண்டுக்கணக்கில் நடந்தன.

ஒரு முகத்தில் சுமார் 80 துளைகள் போட்டதும் வண்டியைப் பின்னே இழுத்து, பாதுகாப்புக் கதவுகளுக்கு அப்பால் நிறுத்திவிடுவார்கள். துளைகளில் கருமருந்தை அடைத்து, நடுவில் உள்ளவற்றை முதலில் வெடிக்கச் செய்வார்கள். நடுவில் குழி விழுந்தால், சுற்றியுள்ள பாறை உடைந்து விழ இடம் கிடைக்கும். பிறகு வரிசை வரிசையாக வெளிப்பக்கத் துளைகள். புகை விலகியதும் கல்லை அள்ளும் ஆட்கள் வருவார்கள். அள்ளி முடித்ததும் வண்டி மறுபடி முன்னே வரும்.

எல்லாம் முதல் நாளிலிருந்தே சீராக நடக்கவில்லை. துளைப்பான்கள் அடிக்கடி பழுதாகின. ஓடுகின்றவற்றைவிடப் பட்டறையில் கிடந்தவையே அதிகம். தொடக்கத்தில் கையால் வெட்டுவதைவிடப் பெரிய வேகமும் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு திருத்தித் திருத்தி, கடைசி ஆண்டுகளில் ஒரு முகத்தில் நாளொன்றுக்கு 2 மீட்டருக்கு மேல் போனார்கள். இதற்கிடையில், சார்டினியாவிடம் இருந்த சவோய் பகுதி 1860இல் பிரான்சுக்குப் போய்விட்டதால் பாதிச் சுரங்கம் பிரெஞ்சு மண்ணுக்குள் வந்தது. பிரான்ஸ் தன் பங்குப் பணத்தைத் தர ஒப்புக்கொண்டபோது, 25 ஆண்டுக் கெடு வைத்து, அதற்கு முன்னால் முடிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஊக்கத்தொகை என்றும் எழுதியது. 1870 டிசம்பர் இறுதியில் இரு பக்க ஆட்களும் மலைக்கு நடுவே சந்தித்தார்கள். 1871 செப்டம்பர் 17இல் சுரங்கம் திறக்கப்பட்டது. சொமெய்யே அதைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் முன்பு, ஜூலை 11இல் இறந்துவிட்டார்.

லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் அஞ்சல் மூட்டைகள் 1870களில் இந்தச் சுரங்கம் வழியாகவே இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறின. பம்பாய்க்கு வந்த கடிதம் சில நாட்கள் முன்னதாக வந்ததில் ஆல்ப்ஸ் அருவியின் பங்கும் உண்டு.

ஹூசாக்: சின்ன உடம்பு, பெரிய வேகம்

வில்சனின் 75 டன் இயந்திரத்தைத் தோற்கடித்த அதே ஹூசாக் மலையில் 1866இல் சார்லஸ் பர்லீயின் காற்றுத் துளைப்பான் வந்தது. ஃபவுலின் காப்புரிமையை வாங்கி அதன்மேல் கட்டியது அது. சொமெய்யேயின் இயந்திரத்தைவிட உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. கூடவே நைட்ரோகிளிசரினும் மின்சாரத்தால் வெடிக்கச் செய்யும் முறையும் வந்தன. கருமருந்தைவிடப் பன்மடங்கு வலுவான நைட்ரோகிளிசரினால் குறைந்த துளைகளில் அதிகப் பாறையைப் பெயர்க்க முடிந்தது. மின்சாரத்தால் பல துளைகளை ஒரே கணத்தில் வெடிக்கச் செய்ய முடிந்தது. 1851இல் தொடங்கிய ஹூசாக் சுரங்கத்தில் முதல் ரயில் 1875இல் ஓடியது. அதற்குள் 190க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள்.

அதே காலத்தில்தான் அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களிடையே ஜான் ஹென்றி என்ற சம்மட்டிக்காரரின் பாட்டு பிறந்தது. மேற்கு வர்ஜீனியாவின் பிக் பெண்ட் சுரங்கத்தோடு பலர் இணைத்துச் சொல்லும் கதை அது. நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு வென்று, வென்ற இடத்திலேயே விழுந்து சாகிறான் அந்த வீரன். நடந்ததா, புனைந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இயந்திரம் வந்த இடத்தில் சம்மட்டிக்காரரின் கூலிக்கும் மதிப்புக்கும் என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பாட்டு பதிந்து வைத்திருக்கிறது.

சுத்தியலும் உளியும் பிரிந்தன

இதுவரை பார்த்த காற்றுத் துளைப்பான்களில் பிஸ்டனும் உளியும் ஒன்றாகவே பிணைந்திருந்தன. ஒவ்வோர் அடிக்கும் கனத்த கம்பி முழுவதும் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சம்மட்டிக்காரர் அப்படிச் செய்வதில்லை. உளி துளையிலேயே நிற்கும், சம்மட்டி மட்டும் வந்து அடிக்கும். இதை 1890களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து இயந்திரக் கலைஞர்கள் கையில் எடுத்தார்கள். அவர்களில் முதன்மையானவர் ஜான் ஜார்ஜ் லேனர். அவருடைய இயந்திரத்தில் ஒரு சிறிய பிஸ்டன் மிக வேகமாக ஓடி, பாறையில் பதிந்து நிற்கும் கம்பியின் தலையைத் தட்டியது. எடை குறைந்தது, அடிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. சாலையில் இன்று பார்க்கும் ஜாக்ஹேமர் இந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

லேனர் இன்னொன்றும் செய்தார். கம்பியின் நடுவே நீளத் துளையிட்டு, அதன் வழியாகக் காற்றை முனைக்கு அனுப்பித் தூளை ஊதித் தள்ளினார். துளை வேகமாக விழுந்தது, ஆனால் குகை முழுவதும் கல்தூசி. மூச்சுவிட முடியாத தொழிலாளர்கள் இயந்திரத்தையே வேண்டாம் என்றார்கள். லேனர் விற்றவற்றைத் திரும்பப் பெற்று, காற்றோடு தண்ணீரையும் அதே துளைவழியே அனுப்பும்படி மாற்றினார். தூசி சேறாகி வழிந்தது. துளைப்பும் வேகமானது.

தூசி வெறும் தொந்தரவல்ல. குவார்ட்ஸ் கலந்த பாறையின் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் நோய் வரும். நுரையீரல் தழும்பேறி இறுகும், மூச்சு குறைந்துகொண்டே போகும், காசநோயும் எளிதில் பற்றும். குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீரில்லாமல் ஓடிய துளைப்பான்களுக்கு அமெரிக்கச் சுரங்கங்களில் விதவையாக்கி என்று பட்டப்பெயரே இருந்தது. கோலார் தங்கவயலுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1880களிலிருந்து வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாறை துளைத்தார்கள். அவர்களிடையே சிலிகோசிஸ் பரவியிருந்ததை 1940களின் மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்தன.

கீழ்நோக்கிய துளைகள்

நிலத்துக்குள் நேர் கீழே இறங்கும் துளைகளின் கதை தனிக் கிளையாக வளர்ந்தது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் நீராவி எஞ்சினால் கனத்த முனையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, சுமார் 69 அடியில் எண்ணெய் கண்டார். மேல்மண் சரிந்து துளையை மூடாமலிருக்க முதலில் இரும்புக் குழாயை இறக்கி, அதற்குள் துளைத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நம் ஆழ்துளைக் கிணற்றில் முதலில் இறக்கும் கேசிங் பைப்பின் வேலையும் அதுவே.

1860களின் தொடக்கத்தில் ஜெனீவாவின் கடிகார வல்லுநர் ஜார்ஜ் ஒகுஸ்த் லெஷோ, குழாயின் விளிம்பில் வைரங்களைப் பதித்துச் சுழற்றும் துளைப்பானை உருவாக்கினார். அது பாறையை நொறுக்காமல் வட்டமாக அறுத்ததால், குழாய்க்குள் உருளையான பாறைத்துண்டு முழுசாக வந்தது. நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. கனிமம் தேடுபவர்களும் அணை கட்டுபவர்களும் இன்றும் அந்த முறையைத்தான் நம்புகிறார்கள். 1909இல் ஹோவர்ட் ஹியூஸ் காப்புரிமை பெற்ற, பல் வைத்த கூம்புகள் உருண்டு பாறையை நொறுக்கும் முனை, எண்ணெய்க் கிணறுகளைக் கடினப் பாறைக்குக் கீழே கொண்டுபோனது.

கருங்கல்லில் தண்ணீர் தேடும் தமிழ்நாட்டுக்கு ஏற்றது மறுபடி அடிக்கும் முறைதான். கம்பி நீள நீள, மேலிருந்து அடிக்கும் அடி முனைக்குப் போய்ச் சேருவதற்குள் வலுவிழக்கும். ஆகவே 1950களில் சுத்தியலையே துளைக்குள், முனைக்கு நேர் மேலே இறக்கினார்கள். கம்ப்ரசரின் காற்று ராடுகளின் உள்வழியே இறங்கி அந்தச் சுத்தியலை ஓட்டுகிறது, அதே காற்று தூளை அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் போகும் ரிக் வண்டிகள் இந்த முறையில்தான் போர் போடுகின்றன.

ராட்சதர்கள் திரும்பி வந்தார்கள்

முழு முகத்தையும் வெட்டும் கனவு என்ன ஆனது? இளகிய பாறையில் அது சீக்கிரமே பலித்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிச் சுரங்கம் வெட்ட 1880களின் தொடக்கத்தில் முயன்றபோது, போமான்ட், இங்கிலிஷ் என்ற இரு ராணுவப் பொறியாளர்களின் பெயரோடு வந்த இயந்திரம் சுண்ணக்கல் படிவத்தில் 7 அடி விட்டத்துக்குச் சீராக வெட்டிக்கொண்டே போனது. அதையும் ஓட்டியது அழுத்தக் காற்றுதான். இரு கரையிலும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வெட்டிய பிறகு 1882-83இல் வேலை நின்றது. இயந்திரம் தோற்கவில்லை. சுரங்கம் வழியாக எதிரிப் படை வந்துவிடும் என்று பிரிட்டன் பயந்தது.

அடுத்த பெரிய முன்னேற்றத்துக்கு 70 ஆண்டுகள் ஆயின. அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ராபின்ஸ் 1950களில் தெற்கு டகோட்டாவின் ஓவாஹி அணையில் முழு முக இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1956இல் டொரோண்டோவில், உருளும் தட்டுகள் மட்டுமே பாறையை அழுத்தி உடைக்கும் இயந்திரத்தை இறக்கினார். உருளும் தட்டு என்ற எண்ணம் வில்சனிடம் நூறாண்டுகளுக்கு முன்பே இருந்தது. எஃகும் தாங்குருளைகளும் மின்மோட்டாரும் அந்த எண்ணத்துக்கு இப்போதுதான் ஈடுகொடுத்தன. களிமண்ணும் மணலும் கருங்கல்லும் மாறி மாறி வரும் சென்னை நிலத்தடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் வெட்டியவை இந்த வம்சத்து இயந்திரங்கள்தான்.

இன்றும் மிச்சமிருக்கும் வேலை

இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவு. வென்ற இயந்திரங்களில் பெரும்பாலானவை சம்மட்டிக்காரரின் கையைக் கூர்ந்து கவனித்து, அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் வழி கண்டவை. அடியை மட்டும் நினைத்துத் தூளையும் தூசியையும் மறந்தவை நிற்கவில்லை, அல்லது ஆளைக் கொன்றுகொண்டே நின்றன.

அந்தத் தூசி நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. இந்தியச் சட்டத்தில் சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய தொழில்நோய். ஆனாலும் பல கல்குவாரிகளில் ஜாக்ஹேமர் இன்றும் தண்ணீரில்லாமல்தான் ஓடுகிறது, பிடித்திருப்பவர் முகத்தில் ஒரு துண்டு மட்டும். மருந்தில்லாத இந்த நோய்க்குத் தடுப்பு என்னவென்று நூறாண்டுக்கு முன்பே தெரியும்: துளைக்குள் தண்ணீர், தூசியை உறிஞ்சும் கருவி, தரமான முகக்கவசம். குவாரி நடத்துபவர், ஒப்பந்தம் எடுப்பவர், வீட்டு மனையில் பாறை உடைக்க ஆள் கூப்பிடுபவர் யாராக இருந்தாலும், இயந்திரத்தை ஓட்டச் சொல்வதற்கு முன் தண்ணீருக்கு ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏற்பாடு செய்யும் வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள்.